மூன்று தண்ணீர் விட்டு அலசிய மணிகள்

“அக்கா, உன் மலை என்கிட்டயும் வருது. வந்து பாரேன்.”

சலீம் இதைச் சொன்னபோது நான் லேப் வராந்தாவில் நின்று இட்லி தின்றுகொண்டிருந்தேன். கடலூர் முதுநகரில் ஏறும்போது பாசஞ்சரில் உட்கார இடம் கிடைத்தால் பரங்கிப்பேட்டை தாண்டுவதற்குள் டப்பாவைக் காலி செய்துவிடுவேன். கிடைக்காத நாளில் சிதம்பரத்தில் இந்த வராந்தாதான். கையெல்லாம் மிளகாய்ப்பொடி எண்ணெய்.

மலை என்பது நாங்கள் வைத்த பேர். பிளாட்டினம் கம்பியை மெத்தனால் கலந்த கரைசலில் முக்கி, மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு ஓடும். பிளாட்டினம் மெத்தனாலை நன்றாக ஆக்சிஜனேற்றம் செய்தால் அந்தக் கோடு மலை மாதிரி எழும்பி இறங்கும். செய்யாவிட்டால் தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கும். அந்த வருஷ ஆயுத பூஜை வரை, ஐந்து வருஷமாக நான் பார்த்ததெல்லாம் தரைதான்.

“என் மலை எப்படிடா உன்கிட்ட வரும்? உன் கம்பியில பூச்சே கெடையாதே!”

“அதத்தான் நானும் கேக்குறேன். வெறும் கம்பிக்கா. என் கரைசல் தீந்துபோச்சுன்னு உன் பாட்டில்லேருந்து கொஞ்சம் ஊத்துனேன். ஜிவ்வுனு ஏறுது.”

டப்பாவை மூடினேன். அன்று செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை எனக்கு செமினார்.

அந்த செமினார் எதற்கென்று சொல்லிவிடுகிறேன். என் ஆராய்ச்சிப் பதிவின் காலம் முடிந்திருந்தது. நீட்டிப்பு வேண்டுமென்றால் கமிட்டி முன்னால் நின்று உருப்படியாக ஒரு முடிவைக் காட்ட வேண்டும். முந்தைய தடவையே சொல்லிவிட்டார்கள், “அடுத்த வாட்டி ரிசல்ட்டோட வாம்மா, இல்லன்னா வராத” என்று. என்னிடம் இருந்த ஒரே ரிசல்ட் அந்த மலை. அது போனால் பி.எச்டி. போச்சு, ஐந்து வருஷம் போச்சு, நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வறட்சி சார்

இந்தத் தொடரைப் படிக்கும் என் சிநேகிதி ஒருத்தி, “வாராவாரம் உன் கைடைக் கிண்டலடிக்கிறியே, அந்தாளு பேரத்தான் சொல்லேன்டி” என்கிறாள். மாட்டேன். நாங்கள் வைத்த பேரை வேண்டுமானால் சொல்கிறேன். வறட்சி சார்.

மனுஷனுக்குத் தண்ணீரென்றால் ஆகாது. குடிப்பார், குளிப்பார், அதெல்லாம் சரி. லேப்புக்குள் ஒரு சொட்டு வரக்கூடாது. குடை வாசலோடு சரி. தலைக்குக் குளித்துவிட்டு ஈரக்கூந்தலோடு யாராவது போனால், “காய வச்சிட்டு வாம்மா, இது என்ன ஆத்தங்கரையா?” என்பார். இதைச் சொல்லும்போது வெளியே ஐப்பசி மழை சோவென்று கொட்டிக்கொண்டிருக்கும். வருஷா வருஷம் புயல் வந்து வாசலில் நிற்கிற கடலூர் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீரே இல்லாத ஓர் உலகத்தை உண்டாக்கப் பார்த்தார் அவர். நானும் அவருக்குச் சம்பளமில்லாத தளபதி.

அவரைச் சும்மா பைத்தியம் என்று சொல்லிவிட முடியாது. அதற்குப் பின்னால் ஒரு கொள்கை இருந்தது. பன்னிரண்டு வருஷக் கொள்கை.

துண்டு போட்டு இடம் பிடிப்பவர்கள்

கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ் வந்து நின்றதும் என்ன நடக்கும்? ஜன்னல் வழியாகத் துண்டு விழும். ஆள் ஏறுவதற்கு முன்பே சீட் போய்விடும்.

பிளாட்டினத்தின் மேற்பரப்பும் அப்படித்தான். மெத்தனாலோ, எறும்பு கடித்தால் சுருக்கென்கிறதே அந்த ஃபார்மிக் அமிலமோ, இந்தக் குட்டி மூலக்கூறுகள் வந்து உட்காரும். உட்கார்ந்து உடையும். உடைந்ததில் கார்பன் மோனாக்சைடு என்று ஒன்று மிஞ்சும். அது துண்டைப் போட்டுவிட்டு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. கொஞ்ச நேரத்தில் எல்லா சீட்டிலும் அதுதான். புதுசாக மெத்தனால் ஏற இடமில்லை. கோடு படுத்துவிடும்.

அதைக் கிளப்ப ஒரே வழிதான். தண்ணீர் பக்கத்து சீட்டில் வந்து ஒட்டி, பிரிந்து, தன்னிடமிருக்கும் ஆக்சிஜனை நீட்ட வேண்டும். அதை வாங்கிக்கொண்டு கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகி இறங்கிப் போய்விடும். சீட் காலி.

ஆனால் தண்ணீர் அளவுக்கு மீறினால் அதுவே எல்லா சீட்டையும் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மெத்தனாலுக்கு நிற்கக்கூட இடமிருக்காது.

வறட்சி சார் இந்த இரண்டாவது பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார். தண்ணீர் என்றாலே தொல்லை, அது செய்யும் உபகாரத்தைத் தன் பூச்சு செய்துவிடும் என்பது அவர் கட்சி. பிளாட்டினத்தின் மேல் மெல்லிசாக ஓர் ஆக்சைடு பூச்சு. பன்னிரண்டு வருஷமாக அதன் செய்முறையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரே இல்லாத கரைசலில், வெறும் பிளாட்டினம் படுத்துக்கிடக்கும்போது பூச்சுப் போட்ட பிளாட்டினம் மலையாக எழ வேண்டும். அதைக் காட்டத்தான் நான்.

தண்ணீர் இல்லாத கரைசலுக்கு அசிட்டோநைட்ரைல் என்ற திரவத்தைப் பயன்படுத்தினோம். அதிலிருக்கும் கொஞ்சநஞ்ச ஈரத்தையும் உறிஞ்ச, பாட்டிலின் அடியில் வெள்ளை மணிகள் போட்டிருக்கும். பார்க்க ஜவ்வரிசி மாதிரி இருக்கும். உலையில் மணிக்கணக்காகச் சுட்டு, ஈரம் போக்கி, மூடி வைத்துப் பயன்படுத்த வேண்டும். புத்தகத்தில் அதற்கு மூலக்கூறு சல்லடை என்று பேர். எங்கள் லேப்பில் மணி.

புண்ணியம் கட்டிக்கொண்ட ஆயுத பூஜை

இனி என் மகா புத்திசாலித்தனத்துக்கு வருகிறேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் வெறும் பிளாட்டினத்தை ஓட்டினேன். படுத்தது. எதிர்பார்த்ததுதான். அதைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு லீவு போட்டு வீட்டுக்குப் போனேன். பூஜை முடிந்து வந்து பூச்சுப் போட்ட பிளாட்டினத்தை ஓட்டினேன். மலை! நிஜமான மலை!

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து லேப் ஆட்கள் யாருக்கோ ஷாக் அடித்துவிட்டது என்று ஓடிவந்தார்கள். வறட்சி சார் வந்து திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அன்று அவர் காசில் எல்லாருக்கும் போண்டா. அந்த லேப்பின் சரித்திரத்தில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

வெறும் பிளாட்டினத்தை மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டாமா? வேண்டும். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுப்பேன், ஒப்பிடுவதானால் இரண்டையும் ஒரே நாளில், ஒரே பாட்டிலில் ஓட்டுங்கள் என்று. ஊருக்குத்தான் உபதேசம். எனக்குப் போண்டா போதுமாயிருந்தது.

அந்த மலையைத்தான் இப்போது சலீம் தன் மொட்டைக் கம்பியில் வரவழைத்துக்கொண்டு நின்றான். சலீம் லால்பேட்டைப் பையன். எனக்கு மூன்று வருஷம் ஜூனியர். ஒரு நாளைக்கு எட்டுத் தரமாவது யாரையாவது வம்புக்கிழுக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அன்று அவனும் கிண்டல் பண்ணவில்லை.

“யா அல்லா, பாட்டில்ல என்னமோ இருக்குக்கா,” என்றான்.

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். இரண்டு கோட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். என்னுடையது எது, அவனுடையது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆரோக்கியம் அக்கா

எங்கள் லேப்பைக் கூட்டித் துடைப்பவர் ஆரோக்கியம் அக்கா. தற்காலிக வேலைதான். ஆனால் அவர் வரும்போது பேராசிரியர்களே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். ஈரத்தரையில் மிதித்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

“அக்கா, இந்தப் பாட்டில யாராச்சும் தொட்டாங்களா?”

“யாரு தொடப்போறா? பூஜைக்கு நான்தான் கழுவி வச்சேன்.”

“பாட்டிலையா?”

“பாட்டில வெளியதான் தொடச்சேன். அதுக்குள்ள போடுற மணி ஒரு டப்பாவுல இருந்துச்சுல்ல? அதக் கழுவுனேன். யம்மா, என்னா தூசி! வெள்ள வெள்ளயா வந்துச்சு. மூணு தண்ணி வுட்டு, அரிசி களையிற மாதிரி அலசி, மாடியில பேப்பர் விரிச்சு வெயில்ல காய வச்சு, ஒண்ணு சிந்தாம பாட்டில்ல போட்டு வச்சேன். நீதானம்மா சொல்லிட்டுப் போன, எல்லாத்தையும் கழுவுங்கக்கா, ஒண்ணையும் வுட்டுடாதீங்கன்னு.”

சொன்னேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிக்கொண்டே சொன்னேன்.

அந்த மணிகளிடமிருந்து தூசி வரும். அது மணிகளின் குணம், அழுக்கில்லை. கழுவினால் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துக்கொள்ளும். புரட்டாசி வெயிலில் காய வைத்தால் தொட்டுப் பார்க்கத்தான் காய்ந்திருக்கும். அதைக் கொண்டுபோய்ப் பாட்டிலில் போட்டால், ஈரத்தை உறிஞ்ச வேண்டிய மணியே ஈரத்தைக் கசியவிடும்.

“ஏம்மா, கெட்டுப்போச்சா?” என்றார் அக்கா. முகம் சுண்டிவிட்டது. “வேலைக்கு ஏதாச்சும் வந்துருமா?”

“நீங்க நல்லாத்தான் கழுவியிருக்கீங்க. நான்தான் கெடுத்தேன்,” என்றேன். அது உபசாரத்துக்குச் சொன்னதல்ல.

அன்று பகல் முழுக்க, உலையில் சுட்ட புது மணியும் புதுப் பாட்டிலுமாக ஆரம்பித்தோம். வெறும் பிளாட்டினம் படுத்தது. பூச்சுப் போட்டதும் அதன் பக்கத்திலேயே படுத்தது. நுண்ணிய ஊசியில் துளித் தண்ணீர் எடுத்து விட்டேன். இரண்டும் எழுந்தன. இன்னொரு துளி, இன்னும் உயரம். விட்டுக்கொண்டே போனோம். ஓர் அளவுக்கு மேல் மலை குட்டையாக ஆரம்பித்தது. வெறும் கம்பியோ பூச்சுக் கம்பியோ, ஒரு வித்தியாசமும் இல்லை.

சலீம் ஸ்டூலில் உட்கார்ந்தான். “பன்னெண்டு வருஷம்க்கா,” என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. சாருக்காக என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்காகத்தான் அழுதேன்.

இரண்டு படமும் உண்மை

புதன்கிழமை காலை சாரிடம் சொன்னேன். எல்லாக் கோடுகளையும் அச்செடுத்து அவர் மேசையில் பரப்பினேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் அவற்றை அழகாக அடுக்கி, ஃபைலில் போட்டு, ஃபைலை அலமாரியில் வைத்தார்.

“பூஜைக்கு முன்னாடி வெறும் பிளாட்டினம் ஓட்டுனியே, அது பொய்யா?”

“இல்ல சார்.”

“பூஜைக்கு அப்புறம் பூச்சு ஓட்டுனது?”

“அதுவும் பொய் இல்ல சார்.”

“அப்ப ரெண்டு உண்மையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டு. யாராச்சும் கேட்டா, ஒரு அட்டெண்டர் பாட்டிலத் தொட்டுடுச்சுன்னு சொல்லிக்கலாம். கேக்க மாட்டாங்க. உனக்கு நீட்டிப்பு கெடைக்கும். அப்புறம் நிதானமா பாத்துக்கலாம்.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நிம்மதியாக இருந்தது. அதுதான் இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டில் மாமாவிடம் சொன்னேன். மாமா என்றால் என் வீட்டுக்காரர். கடலூரில் பைக் மெக்கானிக். வேதியியலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஐந்து வருஷமாகக் காதில் விழுந்து விழுந்து பாதி பி.எச்டி. அவருக்கும் கொடுக்கலாம்.

“பூச்சு வேல செய்யுதா, செய்யலியா?” என்றார்.

“செய்யல மாமா.”

“செய்யாததச் செய்யுதுன்னு சொன்னா உனக்குத் தூக்கம் வராது. உனக்கு வரலன்னா என்னையும் எழுப்பி வுட்டுப் பேசிக்கிட்டே இருப்ப. எனக்குக் காலையில கடை இருக்கு. பாத்துச் செய்.”

இவ்வளவுதான் எனக்குக் கிடைத்த அறிவுரை.

வியாழக்கிழமை

கமிட்டியில் மூன்று பேர். அதில் வெளியூரிலிருந்து வந்த நிபுணர் ஒருவர்தான் முக்கியம். அவர் சொன்னால் மற்ற இருவரும் தலையாட்டுவார்கள். வறட்சி சார் முதல் வரிசையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். ஆரோக்கியம் அக்கா டீ பிளாஸ்க்கோடு கதவருகில்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். குரல் நடுங்கவில்லை. அடிப்பாவி, எனக்குப் பொய் இவ்வளவு நன்றாக வருமா என்று நானே ஆச்சரியப்பட்டேன்.

ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சார் சொன்னபடியேதான். நிபுணர் பேனாவை மூடிவிட்டு சார் பக்கம் திரும்பினார். “பன்னெண்டு வருஷ தவம் சார். பலிச்சிடுச்சு. என் ஸ்டூடண்ட் நாலு பேரையும் இனிமே இந்தப் பூச்சுலயே எறக்கிவிடப் போறேன்,” என்றார்.

நாலு பேர். எனக்கு அந்த நாலு பேரும் கண் முன்னால் தெரிந்தார்கள். நாலு பேர், ஆளுக்கு ஐந்து வருஷம், கையில் நாலு இட்லி டப்பா.

“சார், இன்னொரு படம் இருக்கு,” என்றேன்.

சலீம் எப்போதோ எல்லாப் படங்களையும் என் பென்டிரைவில் போட்டு வைத்திருந்தான். காட்டினேன். வெறும் கம்பி. துளித் துளியாகத் தண்ணீர். ஏறும் மலை, இறங்கும் மலை. பக்கத்திலேயே பூச்சுக் கம்பி, அச்சு அசலாக அதே மலை.

நிபுணர் பேனாவைத் திறந்தார். “அப்போ பூச்சு என்னதான் செய்யுது?”

“ஒண்ணும் செய்யல சார். எல்லாம் தண்ணி செய்யிற வேலை.”

“தண்ணி எப்படி உள்ள வந்துச்சு?”

கதவருகில் பிளாஸ்க் டங்கென்று எதிலோ இடித்தது.

“நான்தான் சார். ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் கழுவச் சொல்லிட்டு லீவுல போயிட்டேன். மணியையும் சேத்துக் கழுவியாச்சு.”

அறையே சிரித்தது. வறட்சி சார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

எங்களை வெளியே அனுப்பிப் பேசினார்கள். பிறகு கூப்பிட்டார்கள். “இந்தத் தண்ணிக் கணக்க முழுசா செஞ்சு முடிம்மா. ஒரு வருஷம் தர்றோம். ஆனா தலைப்பு மாறணும். பூச்சுங்கற பேச்சே தலைப்புல இருக்கக்கூடாது. கைடு கையெழுத்துப் போட்டு திங்கக்கிழமைக்குள்ள கடுதாசி வரணும். வரலன்னா பதிவு ரத்து.”

ஆக, என் தலையெழுத்து சாரின் கையெழுத்தில் வந்து நின்றது. எந்த ஆளின் பன்னிரண்டு வருஷத்தைப் பத்து நிமிஷத்தில் கவிழ்த்தேனோ அதே ஆள்.

திங்கட்கிழமை

வெள்ளி, சனி இரண்டு நாளும் அவர் என்னிடம் பேசவில்லை. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். கையெழுத்தாகவில்லை. “பேசாம கால்ல வுழுந்துடுக்கா,” என்றான் சலீம். விழுந்திருப்பேன். அவர் காலை மேசைக்கடியில் வைத்திருந்தார்.

திங்கட்கிழமை பகல் மூன்று மணிக்குக் கூப்பிட்டனுப்பினார். வெளியே மழை. நான் முழுக்க நனைந்திருந்தேன். வாசலிலேயே நின்றேன்.

“உள்ள வா,” என்றார்.

“ஈரமா இருக்கேன் சார்.”

“பரவால்ல, வா.”

கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை நீட்டினார். வாங்கப் போனேன். விடவில்லை.

“பூச்சப் பத்தி ஒரு இயல் எழுதணும். தலைப்புல வேணாம். உள்ள இருக்கட்டும். அது உதவலைன்னாச்சும் எழுது.”

எழுதினேன். பன்னிரண்டு வருஷத்தில் அவர் மாற்றிப் பார்த்த செய்முறை ஒவ்வொன்றையும் அவருடைய பழைய நோட்டுகளிலிருந்து எடுத்து, ஒன்று விடாமல் எழுதினேன். மனுஷன் மனம் நோகக்கூடாதென்று முடிவுரையை மட்டும் பதமாக வைத்தேன். “இப்பூச்சினால் குறிப்பிடத்தக்க பயன் ஏதும் காணப்படவில்லை.” ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்.

மற்ற இயல்களை அவர் சரியாகப் படித்தாரா என்றுகூடத் தெரியாது. இந்த இயல் மட்டும் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. முழுக்கப் புரட்டிப் பார்த்தேன். எங்கேயும் ஒரு திருத்தமில்லை. கடைசி வரியில் மட்டும் சிவப்பு மை. ‘குறிப்பிடத்தக்க’ என்ற சொல்லை அடித்துவிட்டு, ஓரத்தில் தன் கையெழுத்தைப் போட்டிருந்தார்.